செராமிக் போட்டால் ஆயுசுக்கும் தொட வேண்டாமா? – இடுப்பு மாற்றுப் பொருத்துகள்

மேலூர்க்காரன் | 4 பிப்ரவரி 2024, இரவு 9.12

தம்பிக்கு 41 வயது. இரண்டு இடுப்பிலும் ஏவிஎன், ரத்த ஓட்டம் இல்லாமல் எலும்பு செத்துப்போகும் நோய். வலது பக்கம் எலும்புப் பந்து நசுங்கிவிட்டது, மாற்று ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. மூன்று பேக்கேஜ் எழுதிக் கொடுத்தார்கள்: மெட்டல்-பாலி, செராமிக்-பாலி, செராமிக்-செராமிக். கடைசியைப் போட்டால் ஆயுசுக்கும் தொட வேண்டாம், மெட்டல் என்றால் ரத்தத்தில் விஷம் கலக்கும் என்று கவுண்ட்டரில் சொல்கிறார்கள். விலையில் பெரிய வித்தியாசம். நிலத்தை அடகு வைக்கவும் தயார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உலோகவியல் | 4 பிப்ரவரி, இரவு 10.05

அடகு வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள். அந்தத் தாளில் எழுதியிருப்பது உரசிக்கொள்ளும் இரண்டு பரப்புகளின் பெயர் மட்டும். உள்ளே போவது நாலு துண்டு: இடுப்பெலும்புக் குழியில் பதியும் கிண்ணம், அதற்குள் லைனர் என்ற உட்கிண்ணம், தொடையெலும்புக்குள் இறங்கும் தண்டு, தண்டின் கழுத்தில் ஏறும் பந்து. சிமெண்ட் இல்லாத வகையில் கிண்ணமும் தண்டும் பெரும்பாலும் டைட்டானியக் கலவை. மூன்று பேக்கேஜிலும் அது அப்படியே இருக்கும். மாறுவது பந்தும் லைனரும்தான்.

ஆயுசு விஷயம். செராமிக்கோடு செராமிக் உரசினால் தேய்மானம் மிகமிகக் குறைவு, அது உண்மை. ஆனால் மறு ஆபரேஷனுக்கு ஆளைக் கொண்டுவருவது தேய்மானம் மட்டும் அல்ல. பந்து நழுவுவது, தொற்று, எலும்பில் பிடிக்காமல் தளர்வது, தண்டைச் சுற்றி எலும்பு உடைவது, இந்த நாலும் எந்தப் பேக்கேஜுக்கும் வரும். 2019-ல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில் 25 வருஷம் தாண்டியும் நிற்பவை சுமார் 58 சதவீதம். அவை எல்லாம் பழைய காலத்துப் பொருள்கள், இன்றைய பாலி பிளாஸ்டிக்குக்குக் கணக்கு இன்னும் நன்றாகவே வரும். அப்படியும் 41 வயது ஆளிடம் "ஆயுசுக்கும்" என்று யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது.

என் தேர்வு: செராமிக் பந்து, கிராஸ்லிங்க் செய்த பாலி லைனர். காரணங்களை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

உலோகவியல் | 5 பிப்ரவரி, காலை 6.50

"மெட்டல் விஷம்" என்பதில் இரண்டு சங்கதி கலந்துவிட்டது. உலோகப் பந்து உலோகக் கிண்ணத்தில் உரசுவது ஒன்று, உலோகப் பந்து பாலி லைனரில் உரசுவது வேறு. ஊரெல்லாம் பேசப்பட்டது முதல் வகை.

டெப்யூ கம்பெனியின் ஏஎஸ்ஆர் மாடல் 2010 ஆகஸ்டில் உலகம் முழுக்கத் திரும்பப் பெறப்பட்டது, சுமார் 93,000 பேருக்குப் போட்ட பிறகு. அந்தக் கிண்ணம் அரைக்கோளத்தைவிட ஆழம் குறைவு. பந்தை அணைத்துப் பிடிக்கும் பரப்பு குறைந்ததால், கொஞ்சம் நிமிர்த்தி வைத்துவிட்டாலே பந்து கிண்ணத்தின் ஓரத்தில் ஏறி உரசும். நடுவில் இருக்க வேண்டிய மெல்லிய திரவப் படலம் ஓரத்தில் நிற்காது. கோபால்ட்-குரோமியத் துகளும் அயனியும் சதைக்குள் இறங்கி, சுற்றுத் தசையே அழுகிப்போனது பலருக்கு. ஆஸ்திரேலியாவின் மூட்டுப் பதிவேடு 2007-லேயே இந்த மாடலின் மறு ஆபரேஷன் விகிதம் ஏறுவதைக் காட்டிவிட்டது. பதிவேடு என்ற ஒன்று இருந்தால் என்ன செய்யும் என்பதற்கு இதுவே சாட்சி.

இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன். மத்திய அரசின் நிபுணர் குழு தேடியபோது பெரும்பாலோரின் விலாசமே கிடைக்கவில்லை. ஒவ்வொரு துண்டின் பெட்டியோடும் ஓர் அடையாள ஸ்டிக்கர் வரும், அதைக் கேட்டு வாங்கும்போது இதை நினைவில் வையுங்கள்.

உலோகம்-உலோகம் ஏற்கெனவே போட்டவர்கள் இங்கே யாராவது இருந்தால்: ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவு லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் கவனம் தேவை என்பது பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்பு வைத்த கோடு. வலி இல்லாவிட்டாலும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். எம்ஆர்ஐ எடுப்பதாக இருந்தால் உலோக நிழலைக் குறைக்கும் முறையில் எடுக்கச் சொல்லுங்கள், சாதாரண முறையில் எடுத்தால் பார்க்க வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக வரும்.

மேலூர்க்காரன் | 5 பிப்ரவரி, மதியம் 1.30

பாலி என்றால் பிளாஸ்டிக்தானே சார்? 70 கிலோ உடம்பைத் தாங்குமா? தேயாதா?

உலோகவியல் | 5 பிப்ரவரி, இரவு 8.20

70 கிலோ என்று கணக்குப் போடாதீர்கள். நடக்கும்போது தசைகள் இழுப்பதால் இடுப்பு மூட்டில் விழுவது உடல் எடையைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. தடுக்கினால் அதற்கும் மேல். ஒரு காலுக்கு வருஷத்துக்குச் சுமார் பத்து லட்சம் எட்டு. தேயத்தான் தேயும். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இந்தக் கதையை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் சர்ஜன் ஜான் சார்ன்லி முதலில் போட்டது டெஃப்லான் கிண்ணம். வழுக்கலில் அதற்கு நிகர் கிடையாது. சுமார் 300 பேருக்குப் போட்டார். இரண்டு மூன்று வருஷத்தில் கிண்ணம் குடைந்துபோய், உதிர்ந்த துகளைச் சுற்றிக் கட்டி கட்டியாகச் சதை வளர்ந்தது. அந்தத் துகளைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்தார், அங்கும் கட்டி வந்தது. 1962-ல் லங்காஷயர் நெசவுத் தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்கும் ஒருவர் ஒரு வெள்ளைத் துண்டைக் கொண்டுவந்தார். சார்ன்லி நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று போய்விட்டார். அவருடைய பட்டறைக்காரர் ஹாரி க்ரேவன் அதைத் தேய்மான எந்திரத்தில் மாட்டி ஓட விட்டார். மூன்று வாரம் இரவு பகலாக ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அந்த வருஷம் நவம்பரில் முதல் ஆளுக்குப் போட்டார்கள். இன்று வரை அதே பாலிஎதிலீன் குடும்பம்தான்.

குடும்பம் ஒன்று, பிள்ளைகள் வேறு. 1990-கள் வரை லைனரைக் காற்றோடு பாக்கெட்டில் போட்டுக் காமா கதிரால் கிருமி நீக்கினார்கள். கதிர் பட்டதும் நீளச் சங்கிலி மூலக்கூறு அறுந்து கைகள் தொங்கும். காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்ளும், பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மைக்குப் போகும். அலமாரியில் எத்தனை வருஷம் இருந்ததோ அவ்வளவு கெடுதல். இப்போது 50 முதல் 100 கிலோகிரே கதிர் கொடுத்து, அறுந்த கைகளை ஒன்றோடொன்று பிணைய விடுகிறார்கள். அதுதான் கிராஸ்லிங்க். பிறகு உருக்கியோ, உருகுநிலைக்குக் கீழே சுட வைத்தோ, வைட்டமின் ஈ ஊறவைத்தோ மிச்சக் கைகளை அடக்குகிறார்கள். பழைய பாலி வருஷத்துக்குச் சுமார் 0.1 மி.மீ. தேயும். புதியது 0.05-க்குக் கீழேயே நிற்கிறது, நல்லவை 0.03 பக்கம்.

அந்த 0.1 மி.மீ. ஏன் முக்கியம்? உதிர்கிற துகள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சின்னது. விழுங்கி ஒழிக்கும் செல்கள் அதை விழுங்கும், செரிக்க முடியாது. அபாயச் செய்தி அனுப்பும், அதைக் கேட்டு எலும்பை அரிக்கும் செல்கள் வந்து சேரும். ஆளுக்கு வலி இருக்காது, எக்ஸ்ரேயில் மட்டும் கிண்ணத்தைச் சுற்றி எலும்பு கரையான் அரித்த மாதிரி தெரியும். வருஷத்துக்கு 0.05 மி.மீ.க்குக் கீழே தேய்மானம் இருந்தால் இந்த அரிப்பு அநேகமாக வருவதில்லை.

உலோகவியல் | 6 பிப்ரவரி, காலை 7.15

பந்தின் அளவு பற்றித் தனிச்செய்தியில் ஒருவருக்குப் "பெரிய பந்து எப்போதும் நல்லது" என்று பதில் எழுதிவிட்டேன். அது பாதிதான், இங்கே திருத்துகிறேன்.

பெரிய பந்து நழுவக் கிண்ண விளிம்புக்கு மேல் அதிக தூரம் எழும்ப வேண்டும், அதனால் நழுவல் குறையும். ஆனால் ஒரே ஆழம் தேய்ந்தாலும் பெரிய பந்து அதிகத் துகள் உதிர்க்கும். ஆரத்தின் வர்க்கத்தை 3.14-ஆல் (பை) பெருக்கி, தேய்ந்த ஆழத்தால் பெருக்குங்கள். 0.1 மி.மீ. தேய்ந்தால் சார்ன்லியின் 22.225 மி.மீ. விட்டமுள்ள பந்துக்கு 39 கன மி.மீ., 28 பந்துக்கு 62, 36 பந்துக்கு 102. 62 கன மி.மீ. என்றால் ஏறக்குறைய நாலு அரிசி மணி, ஒவ்வொரு வருஷமும் மூட்டுக்குள் கொட்டுகிறது. சார்ன்லி அத்தனை சின்னப் பந்து வைத்ததற்கு உராய்வு விசைத் திருப்பமும் இந்தக் கணக்கும் காரணம்.

கிராஸ்லிங்க் பாலியில் 36 மி.மீ. பந்து 0.03 மி.மீ. தேய்ந்தால் 31 கன மி.மீ.தான். அதனால் இப்போது 32, 36 தைரியமாகப் போடுகிறார்கள். ஆனால் கிண்ணம் சின்னதாக இருந்தால், நம் பெண்கள் பலருக்கு 46, 48 தான் வரும், பெரிய பந்துக்கு இடம் கொடுக்க லைனரைச் சன்னமாக்க வேண்டும். கிராஸ்லிங்க் பாலி தேய்வது குறைவு, விரிசல் தாங்கும் பலமும் கொஞ்சம் குறைவு. சன்னமான விளிம்பு, செங்குத்தாக வைத்த கிண்ணம் இரண்டும் சேர்ந்தால் விளிம்பு பிளக்கும். அந்த அளவுக்கு 32-ல் நிற்பதே சரி.

தியேட்டர் சிஸ்டர் | 6 பிப்ரவரி, இரவு 11.40

பொருள் பற்றி எல்லோரும் பேசுகிறீர்கள். பந்தைத் தண்டின் கழுத்தில் ஏற்றும் அந்த அரை நிமிஷத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கழுத்தின் பிளாஸ்டிக் மூடியைக் கடைசி வரை கழற்றக் கூடாது. கழற்றியதும் சலைனால் கழுவி, புதிய உலர்ந்த காஸ் துணியால் துடைத்து, விரலால் தொடாமல் விட வேண்டும். பந்தின் உட்பக்கமும் உலர்ந்திருக்க வேண்டும். ரத்தம், கொழுப்பு, எலும்புத் துணுக்கு எதுவும் கூடாது. பந்தைக் கையால் வைத்து லேசாகத் திருகி உட்கார வைத்து, பிளாஸ்டிக் முனை உள்ள கருவியை நேராக வைத்து ஒரே உறுதியான அடி. சாய்த்து அடிக்கக் கூடாது. செராமிக் பந்தில் இரும்புச் சுத்தி நேராகப் படவே கூடாது.

உலோகவியல் | 7 பிப்ரவரி, காலை 6.30

சிஸ்டர் சொன்னதன் காரணத்தை நான் எழுதுகிறேன். கழுத்தும் பந்தும் ஆப்பு மாதிரி இறுகுகின்றன. நடுவில் ஈரமோ கொழுப்போ இருந்தால் ஆப்பு முழுதாக இறங்காது. பிறகு ஒவ்வொரு எட்டிலும் மைக்ரான் கணக்கில் அசையும். அசைந்தால் டைட்டானியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலம் உரிந்து, இடுக்கில் அரிப்பு தொடங்கும். மறு ஆபரேஷனில் பந்தைக் கழற்றினால் கழுத்தில் கறுப்புப் பசை அப்பியிருக்கும். கோபால்ட்-குரோமியம் பந்தில் இது அதிகம், உலோகம் பாலியில்தான் உரசினாலும் இந்த வழியாகக் கோபால்ட் வரலாம். செராமிக் பந்தில் வெகுவாகக் குறைவு. 41 வயதுக்கு நான் செராமிக் பந்து என்று சொன்னதற்குத் தேய்மானத்தைவிட இதுவே பெரிய காரணம்.

இன்னொன்று. "12/14" என்று கழுத்தின் அளவு எழுதியிருக்கும். அது பொதுத் தரம் போலத் தெரியும், ஆனால் கோணமும் நீளமும் மேற்பரப்புச் சொரசொரப்பும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு கம்பெனியின் தண்டில் இன்னொரு கம்பெனியின் பந்தை ஏற்றக் கூடாது. ஸ்டாக்கில் இல்லை என்பதற்காகவும் கூடாது.

நெல்லைக் கோபுரம் | 7 பிப்ரவரி, காலை 9.00

செராமிக் உடையும் என்கிறார்களே? உடைந்தால் பந்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்தானே?

உலோகவியல் | 7 பிப்ரவரி, இரவு 9.10

உடைவது அபூர்வம். பயம் பழைய கதைகளிலிருந்து வருகிறது. சிர்கோனியா பந்து என்று ஒன்று இருந்தது. பிரான்ஸ் நாட்டு உற்பத்தியாளர் 1998-ல் தொகுதி தொகுதியாகச் சுடும் உலையை விட்டுத் தொடர்ந்து ஓடும் சுரங்க உலைக்கு மாறினார். அதில் சுட்ட சில தொகுதிகளில் படிக அமைப்பு உடம்புக்குள்ளேயே மாறி, பந்து வெடித்தது. 2001-ல் திரும்பப் பெற்றார்கள். பொருளின் பெயர் மாறவே இல்லை, சூளை மாறியது, அவ்வளவுதான். இன்று பெரும்பாலும் வருவது அலுமினாவோடு சிர்கோனியா கலந்த இளஞ்சிவப்புப் பந்து. அந்த நிறம் அதில் சேர்க்கும் குரோமியம் ஆக்சைடால். முந்தைய தனி அலுமினாவைவிட முறிவு பல மடங்கு குறைவு. செராமிக் லைனர் மட்டும் இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கும்: கிண்ணத்துக்குள் ஒரு பக்கம் தூக்கினாற்போல் உட்கார்ந்து, அதன் மேல் அடித்தால் ஓரம் சில்லு விடும். இளவயதுக் கெட்டி எலும்பில் கிண்ணத்தை இறுக்கி அடிக்கும்போது கிண்ணமே இம்மி அளவு நெளியும், அப்போது லைனர் சமமாக உட்காராது. அடிப்பதற்கு முன் விரலை விளிம்பைச் சுற்றி ஓட்டிப் பார்ப்பது அதற்காகத்தான்.

"பந்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்" என்று நினைத்தால் பெரிய ஆபத்து. உடைந்த செராமிக் கண்ணாடித் தூள் மாதிரி சதையிலும் பாலியிலும் ஏறி உட்காரும். முழுதாகப் பொறுக்கி எடுக்க முடியாது. அங்கே உலோகப் பந்து வைத்தால் அந்தத் தூள் உப்புத்தாள் போல அதை அரைக்கும். ரத்தத்தில் கோபால்ட் எக்கச்சக்கமாக ஏறி இதயத்தசையும் காதும் கெட்டுப்போனதாகப் பதிவுகள் உண்டு. உடைந்தால் மூட்டின் உள்சவ்வை முழுதாக எடுத்து, கழுவி, மீண்டும் செராமிக் பந்துதான். பழைய கழுத்தில் கீறல் இருக்கும் என்பதால் உள்ளே டைட்டானியப் புகுகுழல் உள்ள பந்து வைக்க வேண்டும். லைனரையும் மாற்ற வேண்டும்.

நெல்லைக் கோபுரம் | 8 பிப்ரவரி, காலை 8.15

நன்றி. அம்மாவுக்கு 76, தொடையெலும்பின் கழுத்து உடைந்து சிமெண்ட் வைத்துப் போடுவதாகச் சொல்கிறார்கள். சிமெண்ட் பழைய முறை என்று பயமாக இருக்கிறது.

உலோகவியல் | 8 பிப்ரவரி, இரவு 10.30

பயப்பட வேண்டாம். அந்த வயதில், எலும்பு மெலிந்த பெண்களுக்குச் சிமெண்ட் தண்டே பாதுகாப்பு. மெலிந்த எலும்பில் சிமெண்ட் இல்லாத தண்டை அடித்து இறக்கினால் எலும்பு பிளக்கும், அன்றைக்கே பிளக்கும் அல்லது சில வாரத்தில். மலிவு முறை என்ற பேச்சு தவறு.

பெயர்தான் சிமெண்ட், ஒட்டுவது கிடையாது. அக்ரிலிக் பிளாஸ்டிக், பல் செட் செய்யும் அதே குடும்பம். எலும்பின் துவாரங்களுக்குள் நுழைந்து கெட்டியாகிப் பிடிமானம் தரும். 40 கிராம் பொடி, 20 மி.லி. திரவம். பொடியில் எக்ஸ்ரேயில் தெரிய பேரியம் சல்பேட்டோ சிர்கோனியமோ, பலவற்றில் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இருக்கும். முதலில் நூல் நூலாக இழுபடும், கையுறையில் ஒட்டும். கையுறையில் ஒட்டாமல் வரும் நொடிதான் வேலை நேரத்தின் தொடக்கம். தொடை எலும்புக் குழாயைப் பிரஷ் போட்டு, பீய்ச்சிக் கழுவி, உலர்த்தி, அடியில் அடைப்பான் வைத்து, துப்பாக்கியால் கீழிருந்து மேலாக நிரப்பி, அழுத்தம் கொடுத்துத் தண்டை இறக்க வேண்டும். கழுவாத குழாயில் ரத்தமும் மஜ்ஜையும் சிமெண்டுக்கும் எலும்புக்கும் நடுவில் தகடு போல நின்றுவிடும், பிடிப்பு போய்விடும்.

நம் ஊர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. 23 டிகிரி அறையில் 10, 12 நிமிஷத்தில் இறுகும் சிமெண்ட், ஏசி இல்லாத ஸ்டோரில் இருந்த பாக்கெட் என்றால் நேரத்துக்கு முன்னாலேயே இறுகும். தண்டு பாதி வழியில் நின்றுவிட்டால் அடித்தும் இறங்காது, எடுக்கவும் முடியாது. ஆபரேஷனுக்கு முந்தைய நாளே பாக்கெட் தியேட்டர் குளிருக்கு வந்திருக்க வேண்டும்.

உண்மையான அபாயம் ஒன்று உண்டு. அழுத்தம் கொடுக்கும்போது மஜ்ஜைக் கொழுப்பு ரத்தத்தில் ஏறி, பிரஷரும் ஆக்சிஜனும் சட்டென்று இறங்கலாம். இதய நோயும் நுரையீரல் நோயும் உள்ள முதியவர்களுக்கு அதிகம். "சிமெண்ட் போடப்போகிறேன்" என்று மயக்க மருத்துவரிடம் சத்தமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குவது அதற்காகத்தான். அம்மாவுக்கு எக்கோ எடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

உலோகவியல் | 9 பிப்ரவரி, காலை 6.40

நேற்றைய குறிப்போடு சேர வேண்டியது. சிமெண்ட் தண்டின் மேற்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளப்பாக இருக்கும். சொரசொரப்பாக இருந்தால்தானே பிடிக்கும் என்று தோன்றும். இங்கிலாந்தின் எக்ஸிடரில் சர்ஜன் ராபின் லிங், எஞ்சினியர் கிளைவ் லீ 1970-ல் கொண்டுவந்த தண்டு பளபளப்பு. 1976-ல் மங்கலான மேற்பரப்புக்கு மாற்றினார்கள், வேறு எதற்கும் இல்லை, அதுதான் அப்போதைய நியாயமாகத் தெரிந்தது. தளர்வது ஏறியது. 1986-ல் பளபளப்புக்கே திரும்பினார்கள். மேலிருந்து கீழாகக் குறுகும் பளபளப்பான தண்டு சிமெண்டுக்குள் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கி ஆப்பாக இறுகும், சிமெண்டை எலும்போடு அழுத்தும். மங்கலான தண்டு அசைந்தால் சிமெண்டை அரம் போல ராவும். தண்டின் நுனியில் உள்ளே காலியான ஒரு தொப்பி இருக்கும், இறங்க இடம் விடத்தான். அதை மாட்ட மறந்தால் நுனி சிமெண்டில் முட்டி நின்று ஆப்பு இறுகாது.

நடைப்பயிற்சி | 9 பிப்ரவரி, மாலை 5.20

மேலூர் அண்ணே, தம்பி வீட்டுக்கு வந்த பிறகு வேண்டியது. எந்த வழியாகத் திறந்தார்கள் என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள். பின்பக்க வழி என்றால் ஆபத்தான அசைவு ஒன்றுதான்: இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடித்து, முட்டியை உள்பக்கம் சாய்ப்பது. தாழ்ந்த மோடாவில் உட்கார்ந்து முட்டியை உள்ளே சாய்த்துக் குனிந்து செருப்பு மாட்டுவது அச்சு அசலாக அதுதான். கார் சீட்டிலிருந்து உடம்பை மட்டும் திருப்பி எழுவதும் அதுதான். நாற்காலி, கட்டில், டாய்லெட் மூன்றும் முட்டி உயரத்துக்குக் குறையக் கூடாது, 18 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய டாய்லெட் மட்டும் இருந்தால் ஆபரேஷனுக்கு முன்பே மேலே வைக்கும் கமோடு நாற்காலி வாங்குங்கள். முதல் ஆறு வாரம் இரண்டு தொடைக்கு நடுவே தலையணை. முன்பக்க வழி என்றால் ஆபத்தான திசை வேறு: காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்புவது.

சம்மணம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். அதில் முட்டி வெளிப்பக்கம் போகிறது, பின்பக்க வழிக்கு அது அத்தனை ஆபத்து இல்லை. தரையில் உட்காருவதைவிடத் தரையிலிருந்து எழுவதுதான் ஆபத்து, ஆள் முன்னால் குனிந்து முட்டியை உள்ளே கொண்டுவந்துதான் எழுவார். சர்ஜன் சரி சொல்லும் வரை தரை வேண்டாம்.

உலோகவியல் | 10 பிப்ரவரி, காலை 7.00

நடைப்பயிற்சி சொன்னது கிண்ணத்தின் கோணத்தோடு சேர்ந்தது. 1978-ல் லூயினெக் குழு காட்டிய வழக்கமான வரம்பு: கிண்ணம் 40 டிகிரி சாய்வு, 15 டிகிரி முன்னோக்கு, இரண்டிலும் 10 கூடக் குறைய. அந்தப் பெட்டிக்குள் இருந்தும் நழுவுகிற ஆள்கள் ஏராளம். நிற்கும்போது ஒரு கோணம், உட்காரும்போது இடுப்பெலும்பு பின்னால் சாய்ந்து கிண்ணம் திறந்து இடம் கொடுக்க வேண்டும். முதுகுத்தண்டு இறுகியவர்களுக்கு, ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் உள்ளவர்களுக்கு, முதுகில் ஸ்க்ரூ போட்டவர்களுக்கு, அந்தச் சாய்வு வராது. கழுத்து கிண்ண விளிம்பில் முட்டி, நெம்புகோல் போலப் பந்து வெளியே வரும். இப்படிப்பட்டவர்களுக்கு உட்கார்ந்தும் நின்றும் பக்கவாட்டு எக்ஸ்ரே எடுக்காமல் திட்டம் போடக் கூடாது.

செராமிக்-செராமிக்கில் இதே முட்டலும் ஓர உரசலும் இன்னொன்றைத் தரும்: கீச்சுச் சத்தம். படி ஏறும்போது, குனியும்போது. உடம்புக்குக் கெடுதல் இல்லாமலும் இருக்கலாம், ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்கும். சிலர் அதற்காகவே மறு ஆபரேஷன் கேட்டு வருகிறார்கள். பாலி லைனர் கோணத்தில் கொஞ்சம் பிசகினாலும் மன்னிக்கும், தேவைப்பட்டால் விளிம்பு உயர்த்திய வகை வைக்கலாம். செராமிக் லைனர் மன்னிக்காது. என் தேர்வுக்கு மூன்றாவது காரணம்.

மேலூர்க்காரன் | 10 பிப்ரவரி, இரவு 8.45

தம்பிக்குக் கவரிங் செயின் போட்டால் கழுத்து அரிக்கும், வாட்ச் பட்டையும் சேராது. உள்ளே உலோகம் ஒத்துக்குமா?

உலோகவியல் | 10 பிப்ரவரி, இரவு 9.30

அது நிக்கல். மருத்துவ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நிக்கல் 10 சதவீதத்துக்கு மேல், கோபால்ட்-குரோமியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு, டைட்டானியக் கலவையில் கணக்கில் வராது. தோலில் அரிப்பதால் மூட்டிலும் ஒவ்வாது என்று முடிவு கட்ட முடியாது, ஆனால் கட்டாயம் சர்ஜனிடம் சொல்லுங்கள். டைட்டானியக் கிண்ணம், டைட்டானியத் தண்டு, செராமிக் பந்து, பாலி லைனர் என்றால் அந்தக் கேள்வியே எழாது.

கேட்டு எழுதி வாங்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். நாலு துண்டுக்கும் கம்பெனியும் மாடலும். "இம்போர்ட்டட்" என்ற சொல் போதாது. லைனர் கிராஸ்லிங்க் செய்ததா, கிண்ணத்தின் அளவுக்கு எந்தப் பந்து. அந்த மாடல், பொருத்துகளுக்குத் தரம் கொடுக்கும் பிரிட்டனின் ஓடெப் பட்டியலில் எத்தனை வருஷத் தரத்தில் இருக்கிறது, 10ஏ-வா 15ஏ-வா, வெளியே நீங்களே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சர்ஜன் அதே மாடலை வழக்கமாகப் போடுகிறாரா. கை பழகிய மாடல், அதிக விலை மாடலைவிட நல்லது. 2017-ல் அரசு உச்ச விலை வைத்தது முழங்கால் பொருத்துகளுக்கு, அதை இடுப்புக்கும் என்று நினைத்து வாதாட வேண்டாம். அட்டைப் பெட்டியில் அச்சிட்ட எம்ஆர்பியோடு பில்லை ஒப்பிடுங்கள்.

நிலத்தை வைக்க வேண்டாம் என்பது என் கருத்து. மிச்சப் பணத்தில் சர்க்கரை, பல், தோல் புண் எல்லாவற்றையும் முன்பே சரிசெய்யுங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிளம்பும் கிருமி பொருத்தின் மேல் படலம் கட்டினால் எந்தப் பேக்கேஜும் காப்பாற்றாது, எல்லாத் துண்டையும் எடுக்க வேண்டி வரும்.

மேலூர்க்காரன் | 2 மார்ச், மாலை 6.10

வலது பக்கம் முடிந்தது. செராமிக்-பாலி. இரண்டாம் நாளே வாக்கரில் நடந்தான். நாலு ஸ்டிக்கர் கேட்டு வாங்கிவிட்டேன். பந்து 36, கிண்ணம் 54 என்று இருக்கிறது.

உலோகவியல் | 2 மார்ச், இரவு 9.00

மிகவும் சந்தோஷம். 54-க்கு 36 பொருத்தமான சேர்க்கை. ஸ்டிக்கரில் மாடலைச் சொல்லும் ரெஃப் எண், தயாரிப்புத் தொகுதியைச் சொல்லும் லாட் எண் இரண்டும் தெளிவாகத் தெரிகிறதா பாருங்கள். நாளை ஒரு தொகுதி திரும்பப் பெறப்பட்டால் லாட் எண்தான் பேசும். போட்டோ எடுத்து மூன்று பேர் போனில் வையுங்கள், இடது பக்கம் செய்யும் சர்ஜனுக்கும் காட்டுங்கள். லேமினேட் செய்து பத்திரப்படுத்துங்கள்.

தியேட்டர் சிஸ்டர் | 2 மார்ச், இரவு 9.25

லேமினேட் வேண்டாம். சில ஸ்டிக்கர்கள் சூட்டில் அச்சாகும் தாள், லேமினேஷன் எந்திரத்தில் போனதும் மொத்தமும் கறுத்துவிடும். முதலில் ஜெராக்ஸ், பிறகு ஒட்டாமல் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள்.

உலோகவியல் | 2 மார்ச், இரவு 9.31

சிஸ்டர் சொல்வதுதான் சரி. மேலே நான் எழுதியதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடைக்கு நாளைக்கே போங்கள்.